நூறு கிலோவைத் தாண்டியவர்களுக்கு மின்சார ஸ்கேட்போர்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 108 கிலோ. ஹெல்மெட், ஷூ, முதுகுப்பை, பலகை எல்லாம் சேர்ந்தால் சக்கரங்களின் மேல் 120 கிலோ நிற்கிறது. கலிபோர்னியாவில் மேடும் பள்ளமுமான ஓர் ஊரில் மூன்று வருடமாக ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் மின்சார ஸ்கேட்போர்டில், அதாவது பேட்டரியில் ஓடும் நான்கு சக்கரப் பலகையில்தான் போய்வருகிறேன். இரண்டு பலகைகளைப் பாழாக்கி, மூன்றாவதில்தான் நிம்மதி கிடைத்தது. "நம்ம உடம்புக்கு இது தாங்குமா?" என்று ஆரம்பித்து நண்பர்களும் உறவினர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒல்லியானவர்களும் படிக்கலாம். ஆனால் இதில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது.

பெட்டியில் "அதிகபட்ச எடை 150 கிலோ" என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

அது பலகை முறியாது என்பதற்கான எண். ஏழெட்டு அடுக்கு மேப்பிள் மரத்தையோ, மூங்கிலோடு கண்ணாடி இழை சேர்த்து ஒட்டிய பலகையையோ ஒரு கனமான ஆள் ஏறி நின்று உடைப்பது கஷ்டம்தான். ஆனால் நின்றால் தாங்குவது வேறு, மேட்டில் இழுப்பது வேறு, இறக்கத்தில் நிறுத்துவது வேறு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணைப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

வேகம், தூரம், ஏறும் சரிவு என்று பக்கத்தில் போட்டிருக்கும் மற்ற எண்கள் பெரும்பாலும் 70, 75 கிலோ ஆளை வைத்து எடுத்தவை. அமெரிக்காவில் 2002-ல் வந்த மின்சார சைக்கிள் சட்டம்கூட 170 பவுண்டு, அதாவது 77 கிலோ ஆளை ஏற்றித்தான் வேகத்தை அளக்கச் சொல்கிறது. நம்மை வைத்து யாரும் அளக்கவில்லை.

அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பேட்டரியை. மோட்டார், வேகம் எல்லாம் அப்புறம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சதவீத மேடு என்றால், 100 மீட்டர் போவதற்குள் 10 மீட்டர் உயரும் சாலை. அதில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 120 கிலோவை ஏற்ற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 650 வாட் வேண்டும். சக்கர உராய்வும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 800-ஐத் தொடும். மோட்டாரிலும், அதை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரிலும் சூடாக வீணாவதையும் சேர்த்தால் பேட்டரி கிட்டத்தட்ட 1000 வாட் கொடுத்தாக வேண்டும். அதே மேட்டில் 70 கிலோ ஆளுக்கு 700 வாட் போதும்.

இப்போது அந்த 1000 வாட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மலிவான பலகைகளில் இருப்பது பெரும்பாலும் 36 வோல்ட் பேட்டரி, உள்ளே பக்கம் பக்கமாக இரண்டு வரிசை செல்கள், அதாவது சின்னச் சின்ன மின்கலங்கள். மேட்டில் இழுக்கும்போது வோல்டேஜ் 34-க்கு இறங்கும். அப்போது 30 ஆம்பியர் ஓட வேண்டும், ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு செல்லும் 15 ஆம்பியரைச் சுமக்கிறது. இதே மேடு, இதே ஆள், ஆனால் 43 வோல்ட்டில் நான்கு வரிசை உள்ள பேட்டரி என்றால்? மொத்தம் 24 ஆம்பியர், செல் ஒன்றுக்கு வெறும் 6. முதல் பேட்டரி மூச்சுத் திணறும் இடத்தில் இரண்டாவது பேட்டரி காலாட்டிக்கொண்டு போகும்.

கிராமத்து வீட்டில் பம்புசெட் போட்டதும் விளக்கு மங்குமே, அதேதான் இங்கும் நடக்கிறது. செல்லிலிருந்து அதிகமாக இழுத்தால் வோல்டேஜ் சரிகிறது. சரிந்த வோல்டேஜைப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கன்ட்ரோலர் முடிவு கட்டி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. என் முதல் பலகை 60 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டே பாதி மேட்டில் இப்படி நின்றது. பலகை நின்றாலும் நான் நிற்கவில்லை, நாலு அடி முன்னால் ஓடிப்போய்தான் நின்றேன்.

10எஸ்2பி, 12எஸ்4பி என்று எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

எஸ் என்பது ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த செல்களின் எண்ணிக்கை. செல்லுக்கு 3.6 வோல்ட் என்று பெருக்கினால் 10எஸ் 36 வோல்ட், 12எஸ் 43 வோல்ட். பி என்பது பக்கம் பக்கமாக எத்தனை என்பது. கனமானவர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது இந்த பி-யைத்தான். சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும் தோள்கள் எத்தனை என்று அது சொல்கிறது.

ஒரு செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பது ஆம்பியர்-மணி; பக்கம் பக்கமாக எத்தனை செல்லோ அத்தனை மடங்கு. அதை வோல்ட்டால் பெருக்கினால் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு, வாட்-மணி. 2.5 ஆம்பியர்-மணி செல்களால் ஆன 10எஸ்2பி 180 வாட்-மணி. 4.2 ஆம்பியர்-மணி செல்களால் ஆன 12எஸ்4பி ஏறக்குறைய 725. நான்கு மடங்கு வித்தியாசம். பெட்டியின் முகப்பில் மட்டும் இரண்டுக்கும் ஒரே வேகம் போட்டிருக்கும்!

நூறு கிலோவைத் தாண்டியவருக்கு என் அளவுகோல் இதுதான்: சமதள ஊர் என்றால் குறைந்தது 12எஸ்3பி, மேட்டு ஊர் என்றால் 4பி. செல்லின் பெயரையும் கேளுங்கள். சாம்சங் 30கியூ என்றால் 3 ஆம்பியர்-மணி, தொடர்ந்து 15 ஆம்பியர் தரும். மோலிசெல் பி42ஏ 4.2 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர் வரை தாங்கும். "உயர்தர லித்தியம் செல்" என்று மட்டும் சொல்லி மழுப்புகிற கடையில் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை.

மோட்டார் 3000 வாட் என்றால் எடையை இழுக்காதா?

மோட்டார் வாங்கிக்கொள்ளக்கூடிய அளவு அது. பேட்டரி அவ்வளவு கொடுக்குமா என்பது தனிக் கேள்வி. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் பெரிய மோட்டார் போட்ட கதைதான்.

ஹப் மோட்டாரா, பெல்ட் மோட்டாரா?

ஊர் சப்பாத்தி மாதிரி சமதளமாக இருந்தால் ஹப் போதும். மேடு இருந்தால் பெல்ட்.

ஹப் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. சத்தம் இல்லை, பராமரிப்பு இல்லை, சார்ஜ் தீர்ந்தால் காலால் தள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மோட்டாரும் ஒரே சுற்றுதான். பெல்ட்டில் மோட்டார் பக்கம் சின்னப் பல்சக்கரம், சக்கரத்தின் பக்கம் பெரியது, இரண்டையும் பெல்ட் இணைக்கிறது. மோட்டார் இரண்டரைச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சைக்கிளில் கியரைக் குறைத்து மேடு ஏறுவது போலத்தான், மோட்டாருக்குப் பாரம் குறைகிறது.

எடைக்கும் சூட்டுக்கும் இருக்கும் உறவுதான் இதில் முக்கியம். மேட்டில் எடை ஒன்றரை மடங்கானால் மோட்டாரில் ஓடும் ஆம்பியரும் ஒன்றரை மடங்காகும். ஆனால் கம்பிச்சுருளில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும், அதாவது இரண்டேகால் மடங்கு. ஹப்பில் அந்தச் சூடு போக இடமில்லை, சுற்றிலும் ரப்பர் போன்ற யூரேத்தேன் போர்த்தியிருக்கிறது. என் இரண்டாவது பலகையில் ஒரு கோடைக்காலத்துக்குள் அந்த யூரேத்தேன் உறை இளகி, மோட்டாரை விட்டுக் கழன்று தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. விற்றவரிடம் கேட்டால் "எடை வரம்புக்குள்தானே ஓட்டினீர்கள்?" என்று என்னையே கேட்டார். வரம்புக்குள்தான் ஓட்டினேன். அதுதான் விஷயமே.

பெல்ட்டுக்கும் தொல்லை உண்டு. கல் சிக்கினால் அறும். பையில் ஒரு பெல்ட் கூடுதலாக இருக்கட்டும். நான்கு சக்கரத்திலும் ஹப் உள்ள பலகைகளும் வருகின்றன. பாரம் நாலாகப் பிரிவதால் அவை இரண்டு ஹப்பைவிட எவ்வளவோ மேல்.

30 சதவீத மேடு ஏறும் என்கிறார்களே?

சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்பர்ட் தெருவின் மிகச் செங்குத்தான பகுதி 31.5 சதவீதம். நடந்து ஏறினாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். 30 சதவீதம் என்றால் ஏறக்குறைய அதுதான். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. பெட்டியில் 30 என்று இருந்தால் நம் எடைக்குப் பாதிதான் என்று வைத்துக்கொண்டு, அதையும் நிற்காமல் ஒரே மூச்சில் ஏறும் சின்ன மேட்டுக்கு மட்டும் நம்புவேன்.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?

எனக்குச் சமதளத்தில் கிலோமீட்டருக்கு 15 வாட்-மணி செலவாகிறது, மேடுபள்ளத்தில் 20. காற்றடைத்த டயர் போட்டால் 25. பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச முடியாது. கடைசி 15 சதவீதத்தில் நம் எடைக்கு அது நகராது. ஆக 180 வாட்-மணி பலகை எனக்கு 10 கிலோமீட்டர், மேட்டு ஊரில் ஏழெட்டு. 725 வாட்-மணி என்றால் 30 முதல் 40.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. எதிர்க்காற்று உங்கள் எடையைப் பார்ப்பதில்லை, அகலத்தைத்தான் பார்க்கிறது. அதனால் சமதளத்தில் எடை ஒன்றரை மடங்கு இருந்தாலும் செலவு ஒன்றரை மடங்காவதில்லை. நம்மிடம் வசூலிப்பது மேடுதான்.

பிரேக் பிடிக்குமா?

எல்லோரும் கடைசியாகக் கேட்கிற கேள்வி. இதை இரண்டாவதாகவாவது கேட்டிருக்க வேண்டும்.

பெரும்பாலான மின்சார ஸ்கேட்போர்டுகளில் தனியாகப் பிரேக் கட்டை கிடையாது. மோட்டாரே டைனமோவாக மாறி வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது, அந்த ஆற்றல் திரும்பப் பேட்டரிக்குள் போகிறது. இதில் இரண்டு விஷயம் நமக்கு எதிராக இருக்கிறது. ஒன்று, நிறுத்த வேண்டிய ஆற்றலே அதிகம். 120 கிலோ மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் 4200 ஜூல், 80 கிலோவுக்கு அதே வேகத்தில் 2800. வேறு விதமாகச் சொன்னால், ஒல்லியான ஆள் 30-ல் போகும்போது பிரேக்குக்கு என்ன வேலையோ, அந்த வேலையை நாம் 24-லேயே கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது இன்னும் மோசம். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இல்லை. நிறைகுடத்தில் மேலும் ஊற்றுவது போல வோல்டேஜ் எகிறும், கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரேக்கை விட்டுவிடலாம். எங்கள் வீடு மேட்டின் உச்சியில். இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கினேன். வேகத்தையும் பிரேக்கையும் கட்டுப்படுத்தும் கை ரிமோட் கீச் கீச் என்றது, அப்புறம் பிரேக் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் புல்வெளி மெத்தென்று இருந்தது என் அதிர்ஷ்டம். மணிக்கட்டுக் கவசம் இரண்டாக உடைந்தது, மணிக்கட்டு உடையவில்லை.

அன்றிலிருந்து 85 சதவீதத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறேன். வீடு பள்ளத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, முதலில் ஏறித்தானே ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க முடிந்தால் மேட்டைத் தேடாதீர்கள், இறக்கத்தைத் தேடுங்கள். பாதி இறக்கத்தில் முழுதாக நிறுத்திப் பாருங்கள். நிற்க வேண்டும். மெதுவாக வழுக்கிக்கொண்டே போனால் அந்தப் பலகை நமக்கு வேண்டாம்.

வளைந்து கொடுக்கும் பலகை நல்லதா, விறைப்பானது நல்லதா?

வளையும் பலகை முழங்காலுக்கு இதம். ஆனால் 70 கிலோவுக்கு மெல்லிய ஸ்பிரிங் மாதிரி இருப்பது நமக்குக் கயிற்றுக்கட்டில். நடுவில் தொய்ந்து, அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டி வேகத்தடையில் உரசும். ஓயாமல் வளைந்தால் செல்களை இணைக்கும் பற்றவைப்புகளும் நாளடைவில் விட்டுப்போகும். விறைப்பான பலகையை வாங்கி, அதிர்ச்சியைச் சக்கரத்திடம் விட்டுவிடுங்கள். அகலம் 9 அங்குலத்துக்குக் கீழே வேண்டாம்.

திரும்பும்போது பலகை தள்ளாடுகிறது, வேகத்தில் ஆடுகிறது. என்ன செய்ய?

பத்திருபது டாலர் செலவில் தீரும். சக்கரங்களின் அச்சைப் பலகையோடு இணைக்கும் உலோகப் பாகத்துக்கு டிரக் என்று பெயர், அதன் நடுவில் இருக்கும் ரப்பர் வளையங்களுக்குப் புஷிங். கூடவே வருபவை பெரும்பாலும் சராசரி எடைக்கான மெத்தென்ற ரகம். 95ஏ கடினத்தில் (எண் கூடினால் கடினம் கூடும்), இரண்டு பக்கமும் உருளை வடிவத்தில் இருப்பவற்றை மாற்றுங்கள். கடினத்தை நட்டை இறுக்கிக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். இறுக்கினால் புஷிங் பிதுங்கி, பலகை திரும்பவும் திரும்பாது, ஆடுவதும் நிற்காது. மெத்தென்ற புஷிங்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாய்ந்து திரும்பும்போது பலகை சக்கரத்தைத் தொட்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

புஷிங்குகளைக் கோத்திருக்கும் போல்ட்டுக்குக் கிங்பின் என்று பெயர். டிரக்கில் இரட்டைக் கிங்பின், ஒற்றைக் கிங்பின் என்று இரண்டு வகை. இரட்டை அழகாக வளையும், ஆனால் வேகத்தில் நம்ப முடியாது. கனமானவர்கள் ஒற்றையோடு ஆரம்பிப்பது நல்லது.

சக்கரம்?

105 மில்லிமீட்டர் விட்டத்தில் யூரேத்தேன், 78ஏ கடினம். பஞ்சு போன்ற நடுப்பகுதி கொண்ட பெரிய சக்கரங்கள் நம் எடையில் அமுங்கிச் சூடாகின்றன, நான் திரும்ப வாங்க மாட்டேன். ஆறு அங்குலக் காற்று டயர் சொகுசோ சொகுசு. காற்றைக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், தூரம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பலகை மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பேட்டரி கிழடானால் அதன் உள் எதிர்ப்பு கூடும், மேலே சொன்ன விளக்கு மங்கும் வியாதி இன்னும் மோசமாகும். ஒல்லியான ஆள் "நன்றாகத்தான் ஓடுகிறது" என்று பொய் சொல்லாமலே விற்கலாம், உங்களுக்கு ஓடாது. அதோடு நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தத் துறைக்கே பெயர் வாங்கிக் கொடுத்த கலிபோர்னியாவின் பூஸ்டட் 2020 மார்ச்சில் ஆட்களில் பெரும்பகுதியை நீக்கியது, பிறகு மூடியே விட்டது. அதன் பலகைகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி விமானத்தில் கொண்டுவரலாமா?

முடியாது. பயணிகள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை சரி. 100 முதல் 160 வரை விமான நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அதற்கு மேல் தடை. பேட்டரி சின்னதாக இருந்தாலும் இந்த மாதிரி வண்டிகளையே ஏற்காத நிறுவனங்கள் நிறைய. விமானத்தில் ஏறுகிற பலகை உங்களை ஏற்றாது, உங்களை ஏற்றுகிற பலகை விமானத்தில் ஏறாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊருக்கு ஊர் மாறும். கலிபோர்னியாவில் 2016 ஜனவரி 1 முதல் சட்டப்படி ஓட்டலாம். 16 வயது ஆகியிருக்க வேண்டும், ஹெல்மெட் கட்டாயம், மணிக்கு 15 மைல் மிகாமல் போக வேண்டும். அதாவது 24 கிலோமீட்டர். பிரேக் கணக்கில் வந்த அதே 24! மோட்டார் சராசரியாக 1000 வாட்டுக்குள், பலகையின் உச்ச வேகம் 20 மைலுக்குள் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கடையில் விற்கும் பல பலகைகள் இதைத் தாண்டியவை, அது வாங்குபவர் தலையில் விடியும்.

நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல் யுஎல் 2272 போன்ற பாதுகாப்புச் சான்று இல்லாத பலகையை விற்கக் கூடாது. பேட்டரித் தீ விபத்துகளுக்குப் பிறகு வந்த விதி. சிங்கப்பூரிலும் அந்தச் சான்று வேண்டும், எடை 20 கிலோவுக்குள், வேகம் 25-க்குள், ஓட்டுவது சைக்கிள் பாதையில் மட்டும். பிரிட்டனில் தனியார் நிலத்தைத் தவிர எங்கும் கூடாது. ஜெர்மனியில் 2019-ல் வந்த விதி கைப்பிடி உள்ள வண்டிகளைத்தான் ஏற்கிறது, ஸ்கேட்போர்டுக்கு அங்கே சாலையில் இடமில்லை.

ஹெல்மெட் தவிர வேறென்ன?

மணிக்கட்டுக் கவசம், முழங்கால் கவசம். ஹெல்மெட்டும் முகவாய் மூடியதாக இருக்கட்டும். பலகையில் விழுபவர்கள் பல நேரம் முன்பக்கம் விழுகிறார்கள், கனமானவர்கள் கையை ஊன்றினால் கை முழு எடையையும் வாங்குகிறது.

நாற்பத்தைந்து வயது, ஸ்கேட்போர்டில் ஏறியதே இல்லை. இப்போது கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், நானே நாற்பத்தொன்றில்தான் ஏறினேன். முதல் இரண்டு நாள் மோட்டாரைப் போடாமல் காலால் தள்ளிப் பழகுங்கள். அப்புறம் காலியான வண்டி நிறுத்துமிடத்தில், மிகக் குறைந்த வேக முறையில். வேகம் எடுக்கும்போது உடம்பு முன்னங்கால் மேல், பிரேக் பிடிக்கும்போது முழங்காலை மடக்கிப் பின்னங்கால் மேல். எடை அதிகமானவர்கள் நிமிர்ந்து நின்றுகொண்டு பிரேக் பிடித்தால் பலகை நின்றுவிடும், உடம்பு கிளம்பிவிடும்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள்?

12எஸ்4பி, பி42ஏ செல்கள். இரண்டு பெல்ட் மோட்டார், ஒற்றைக் கிங்பின் டிரக், 95ஏ புஷிங், 105 மில்லிமீட்டர் சக்கரம், விறைப்பான மேப்பிள் பலகை. எடை 10 கிலோ, ரயிலில் தூக்கிக்கொண்டு நிற்கக் கை வலிக்கிறது. உச்ச வேகம் மணிக்கு 45 என்று போட்டிருக்கிறார்கள், நான் போய்ப் பார்த்ததில்லை.